திணறும் குழந்தைக்கு வீட்டில் எந்த இடம்? தனி அறை, கூடாரம், ஹால் மூலை: ஓர் ஒப்பீடு

சத்தம், வெளிச்சம், கூட்டம் எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் குழந்தை அடிக்கடி திணறிப்போகிறது, அதற்கென்று வீட்டில் அமைதியான ஓர் இடம் வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலான பெற்றோர் நேராகப் பொருள்களைத் தேடப் போகிறார்கள். நிறம் மாறும் விளக்கு, குமிழி பொங்கும் குழாய், உள்ளே எடை வைத்துத் தைத்த எடைப் போர்வை, சின்னக் கூடாரம், ஊஞ்சல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எனக்கு அந்த வரிசையே தலைகீழ் என்று படுகிறது. முதலில் முடிவாக வேண்டியது இடம். அதற்கும் முன்னால் தெரிய வேண்டியது, உங்கள் குழந்தை திணறும்போது அதன் உடம்பு தானாக எதைத் தேடிப் போகிறது என்பது.

சில நாள் குறுக்கிடாமல் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சில பிள்ளைகள் மேஜைக்கு அடியில் நுழைந்துகொள்வார்கள். முதுகைச் சுவரில் அழுத்தி, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஒரு காதைத் தோளில் அழுத்தி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது குனிந்து எட்டிப்பார்த்தால் இன்னும் உள்ளே நகர்வார்கள். வேறு சிலர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், சோபாவிலிருந்து குதிப்பார்கள், கதவை உடம்பால் மோதுவார்கள். இன்னும் சிலர் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் போகும் இடமெல்லாம் கூடவே வருவார்கள். முதல் பிள்ளைக்கு வெளிச்சமும் சத்தமும் குறைய வேண்டும். இரண்டாவது பிள்ளையின் தசைகளுக்கு வேலை வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு இடத்தைவிட ஆள்தான் முக்கியம். இந்த மூவருக்கும் ஒரே மாதிரி மூலையை அமைத்துக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் அது பயன்படும்.

அடம் வேறு, திணறல் வேறு

கேட்டது கிடைக்கவில்லை என்று அழும் குழந்தை பெரும்பாலும் நடுநடுவே நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கும். கேட்டது கைக்கு வந்ததும் அழுகை அடங்கும். திணறும் குழந்தையிடம் எதைக் கொடுத்தாலும் அழுகை நிற்காது. எதற்காகத் தொடங்கியது என்பதே சில நேரம் அதற்குத் தெரியாது. சத்தம், வெளிச்சம், கூட்டம், பசி, தூக்கக் குறைவு, கழுத்தில் உறுத்தும் சட்டை லேபிள், கடைசி நிமிடத்தில் மாறிய திட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, முடிவில் ஒரு சின்ன விஷயத்தில் உடைந்துவிடுகிறது. ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் சிதறுவதும் அடங்காத துறுதுறுப்பும்) உள்ள பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். அப்படி எதுவும் இல்லாத குழந்தைக்கும் இது வரும்.

அந்த நேரத்தில் இதயம் படபடக்கும், மூச்சு மேலோட்டமாகும், தசைகள் இறுகும். யோசித்து நிதானிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கே 25 வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. சின்னக் குழந்தை, அதுவும் உடம்பு முழுக்கப் பதற்றத்தில் இருக்கும்போது, "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே அந்த இடத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்கவோ கண்டிக்கவோ நினைக்க வேண்டாம். உள்ளே வந்து குவியும் சுமையைக் குறைத்தால் போதும்.

தனி அறை

வசதி இருப்பவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1970களில் நெதர்லாந்தில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு பராமரிப்பு இல்லத்தில் யான் ஹுல்சேகே, ஆட் வெர்ஹூல் என்ற இரண்டு சிகிச்சையாளர்கள் மெல்லிய வெளிச்சம், இதமான இசை, தொட்டுப் பார்க்கும் பொருள்கள் கொண்ட அறைகளை உருவாக்கினார்கள். ஸ்னூஸ்லன் என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. இன்று சிறப்புப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நாம் பார்க்கும் உணர்திறன் அறைகளுக்கு அதுவும் ஒரு மூலம். அந்த அறைகளில் விளக்கும் குழாயும் மட்டும் இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு பராமரிப்பாளர் இருந்தார். எதைத் தொடுவது, எங்கே படுப்பது என்பதை உள்ளே இருப்பவரே தேர்ந்தெடுத்தார். வீட்டுக்கு அதைக் கொண்டுவரும்போது விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட இருந்த ஆளையும் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

தனி அறையின் பலம் உண்மையானது. கதவைச் சாத்தினால் மிக்ஸி சத்தம் பாதியாகக் குறையும். திரையை இழுத்தால் வெளிச்சம் போய்விடும். தம்பி தங்கை குறுக்கே வர மாட்டார்கள். எட்டு ஒன்பது வயதுக்கு மேல், தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கும் பிள்ளைக்கு இதுதான் மரியாதையான இடம்.

அதன் பலவீனம் தூரம். உச்சத்தில் இருக்கும் குழந்தை ஹாலிலிருந்து எழுந்து நடந்து அறைக்குப் போகாது. தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கை காலை உதறும் குழந்தையைத் தூக்கி ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால், நம் மனதில் என்ன இருந்தாலும், குழந்தைக்கு அது தண்டனைதான். 1960களில் நடத்தையியல் ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த டைம்அவுட் முறையின் அடிப்படை, தவறான நடத்தைக்குக் கிடைக்கும் கவனிப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது. அமைதி இடத்தின் நோக்கம் அதற்கு நேர் எதிர். ஒரே அறையை இரண்டுக்கும் பயன்படுத்தினால் அந்த அறையே குழந்தைக்குப் பிடிக்காமல் போய்விடும். வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. உள்பக்கத் தாழ்ப்பாளையும் கழற்றிவிடுங்கள்.

அடிப்பது, பொருளை எறிவது என்று போகும் குழந்தை இருக்கும் வீட்டில் பலருக்குத் தோன்றாத ஒரு வழி உண்டு. குழந்தையை நகர்த்துவதற்குப் பதிலாக மற்றவர்கள் நகருங்கள். பெரியவர் ஒருவர் மட்டும் அங்கே இருக்க, மீதிப் பேர் அடுத்த அறைக்குப் போகட்டும். டிவியை அணையுங்கள், மேல்விளக்கை அணையுங்கள், எறியக்கூடியதை எடுத்துவிடுங்கள். குழந்தை நிற்கும் இடமே அந்த அரை மணி நேரத்துக்கு அமைதி அறையாகிவிடும். பிடிப்பும் இழுப்பும் இல்லை. யாருக்கும் அடிபடும் வாய்ப்பும் குறைவு.

கூடாரமும் மேஜைக்கு அடியும்

ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. சின்ன இடம், மங்கல் வெளிச்சம், மூன்று பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் திறப்பு. திறப்பு அறையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். யார் வருகிறார்கள் என்று உள்ளேயிருந்து தெரிந்தால்தான் குழந்தையின் உடம்பு இளகும். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடும் இடத்தில் எவ்வளவு அழகான கூடாரம் போட்டாலும் பயனில்லை.

கடையில் வாங்கும் கூடாரத்தையும் மேஜைக்கு அடியையும் ஒப்பிட்டால் நான் மேஜைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். மடித்து விரிக்கும் கூடாரத்தின் மெல்லிய கம்பிகள் சாய்ந்தால் வளையும். திணறும் குழந்தையோ கட்டாயம் சாயும், உதைக்கும். ஒருமுறை தலைமேல் சரிந்து விழுந்துவிட்டால் மறுபடி உள்ளே போக மறுக்கும். ஆடாத மேஜை அப்படிச் சரியாது. அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு, இழுத்தால் விழாதபடி நான்கு கிளிப்பால் பிடித்துவிட்டால் போதும். போர்வைமேல் கனமான எதையும் வைக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியது வெப்பம். கெட்டித் துணி போட்ட சின்ன இடத்துக்குள் அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்கு ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். வெப்பமே அடுத்த எரிச்சலுக்குக் காரணமாகும். நீங்களே உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். தலை எங்கே இடிக்கிறது, எந்தப் பக்கம் காற்று வருகிறது, தரை எவ்வளவு சில்லென்று இருக்கிறது, துணியில் என்ன வாசனை என்றெல்லாம் அப்போதுதான் தெரியும். புதிதாக வாங்கிய துணியை ஒருமுறை வாசனையில்லாத சோப்பில் துவைத்துவிட்டுப் போடுவது நல்லது. மூடிய இடம் என்றாலே பயப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இந்த வழியே வேண்டாம்.

ஹால் மூலை

பள்ளிகளில் அதிகம் காணப்படுவது இந்த வகை. ஒரு மெத்தை, இரண்டு தலையணை, ஒரு சின்னக் கூடை. அமைக்க எளிது, மாற்றவும் எளிது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் அந்த வயதில் பெரியவரின் கண்பார்வையை விட்டு விலகிப்போய்ப் பெரும்பாலான குழந்தைகள் அமைதியாவதில்லை.

இதன் சிக்கல், ஹாலின் தொந்தரவு முழுவதும் இங்கேயும் இருக்கும் என்பது. புத்தக அலமாரியைக் குறுக்காகத் திருப்பிவைத்தால் ஒரு சுவர் கிடைக்கும். அது சாயாதபடி சுவரோடு திருகி இறுக்க வேண்டும். மேல்விளக்குக்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒரு மேஜை விளக்கு வையுங்கள். பழைய வகைச் சோக் உள்ள டியூப்லைட், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 100 அல்லது 120 முறை துடிக்கிறது. பெரும்பாலானவர்களின் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியும் எரிச்சலும் தரும். மலிவான எல்இடி விளக்குகளிலும் இந்தத் துடிப்பு இருக்கலாம். போன் கேமராவை விளக்கின்மேல் காட்டினால் சில நேரம் திரையில் கோடு கோடாக ஓடும். அப்படி ஓடினால் அந்த விளக்கை மாற்றிவிடுங்கள். நிறம் மாறும் விளக்கை வாங்குவதைவிட இந்த ஒரு மாற்றத்துக்குப் பலன் அதிகம் என்பது என் எண்ணம்.

ஓடுகிற பிள்ளைக்கு

அமைதி என்றதும் அசையாமல் உட்கார்ந்திருப்பது என்று எடுத்துக்கொள்கிறோம். ஓடுகிற, குதிக்கிற பிள்ளையை மெத்தையில் உட்காரச் சொன்னால் திணறல் இன்னும் ஏறும். தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து வரும் அழுத்த உணர்வு பலருக்கு உடம்பை நிலைக்குக் கொண்டுவருகிறது. புலன்வழித் தகவல்களை மூளை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்கிறது என்பதை 1960, 70களில் ஆராய்ந்த அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) ஜீன் ஏயர்ஸ் இந்தப் பக்கத்துக்கு நம் கவனத்தைத் திருப்பினார். அவர் வழியில் வந்த சிகிச்சை முறைகளைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் வாதங்கள் இருக்கின்றன. இருந்தாலும், சுவரைத் தள்ளியபின் மூச்சு இறங்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதை முயன்று பார்க்கத் தயக்கம் இருக்காது.

ஊஞ்சல் நல்லதுதான். ஆனால் மெதுவாக, முன்னும் பின்னும், ஒரே சீராக ஆடினால்தான் அமைதி தரும். சுற்றுவதும் குலுக்குவதும் உசுப்பிவிடும். ஆடும்போது கொக்கியில் விழும் இழுப்பு குழந்தையின் எடையைவிட அதிகம். கூரையில் உறுதியான காங்கிரீட்டோ உத்தரமோ இல்லாமல் ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி மாட்டக் கூடாது. சுற்றிலும் எதன்மேலும் இடிக்காத இடைவெளியும் வேண்டும். பல வீடுகளில் இதற்கு வழியில்லை, அதற்காக வருந்தவும் தேவையில்லை. தரையில் ஒரு பழைய மெத்தை, அதன்மேல் விழுவதற்குத் தலையணைக் குவியல், தள்ளுவதற்குக் காலியான ஒரு சுவர், இங்கிருந்து அங்கே சுமந்துபோகப் புத்தகங்கள் நிரப்பிய ஒரு பெட்டி. நான் பார்த்த வரையில் ஊஞ்சல் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இவை செய்துவிடுகின்றன.

எடைப் போர்வை பற்றி

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், மற்ற பொருள்களைவிட இதன்மேல்தான் அதிக நம்பிக்கை வைக்கப்படுகிறது. ஆட்டிசம் உள்ளவரும் விலங்கியல் அறிஞருமான டெம்பிள் கிராண்டின், இளவயதில் மாடுகளைத் தடுப்பூசிக்காக அடைக்கும் கூண்டில் அவை அழுத்தத்தால் அமைதியாவதைப் பார்த்து, தனக்கென்று ஓர் அணைப்புக் கருவியைச் செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதை முடிவுசெய்யும் நெம்புகோல் அவர் கையில் இருந்தது. அழுத்தம் இதம் தருவதற்கு அந்தக் கட்டுப்பாடு அவசியம்.

2014ல் ஆட்டிசம் உள்ள 67 பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், எடைப் போர்வை சாதாரணப் போர்வையைவிடத் தூக்கத்தைக் கூட்டவில்லை. ஆனால் பிள்ளைகளும் பெற்றோரும் அதையே விரும்பினார்கள். ஆகவே பிடித்திருந்தால் மூலையில் ஓர் இதமான பொருளாக வைத்துக்கொள்ளலாம்; மருந்து என்று நம்பி வாங்க வேண்டாம். பச்சிளம் குழந்தைகளுக்கு எடை வைத்த போர்வையோ துணியோ கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022ல் தெளிவாகச் சொன்னது. பெரிய குழந்தையாக இருந்தாலும், தானே போர்வையைத் தள்ளிவிட்டு எழ முடியாது என்றால் கொடுக்காதீர்கள். தலைமேல் வரக் கூடாது.

இதோடு இன்னும் மூன்று எச்சரிக்கை. அலங்கார விளக்குகளில் வரும் பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகள் குடலுக்குள்ளும் அப்படியே பெரிதாகும், வீட்டுக்குள்ளேயே வேண்டாம். பீன் பேக் ஜிப்பைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை மூச்சோடு இழுத்துக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். குழந்தையால் திறக்க முடியாத ஜிப் உள்ளதையே வையுங்கள்.

கைப்பை

இது இடம் இல்லை என்றாலும் ஒப்பீட்டில் சேர்க்கிறேன். காது மூடி ஒன்று, அமுக்க ஒரு பந்து, பழகிய துணி ஒன்று, "சத்தம் அதிகம்", "வெளியே போகலாம்" என்று காட்ட நான்கு படஅட்டை. உறவினர் வீடு, பயணம், மருத்துவமனை எங்கும் உதவும். வீட்டு மூலையில் உள்ள அதே பொருள்களே பையிலும் இருந்தால் குழந்தைக்கு அவை புதிதாகத் தெரியாது. காது மூடியை நாள் முழுக்க மாட்டிவிடாமல் சத்தமான நேரத்துக்கு மட்டும் கொடுங்கள்.

ஆளே இடமாக

ஒட்டிக்கொண்டே வரும் மூன்றாவது பிள்ளைக்கு மூலை, கூடாரம் எல்லாம் இரண்டாம்பட்சம். பெரியவரின் நிதானத்திலிருந்துதான் சின்னக் குழந்தை தன் நிதானத்தைப் பெறுகிறது. எதிரே நின்று குனிந்து பேசாமல், பக்கவாட்டில், அதன் கண்மட்டத்துக்கும் கீழே உட்காருங்கள். ஒன்றிரண்டு சொல் போதும்: "இங்கேதான் இருக்கேன்." கேள்வி கேட்காதீர்கள். தொடலாமா என்பதைக் குழந்தையின் தோளும் கையும் சொல்லும். விலகினால் கையை எடுத்துவிடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று ஏறும், விடும்போது இறங்கும். அதனால்தான் நீளமாக விடும் மூச்சு உடம்பைத் தணிக்கிறது. ஆனால் உச்சத்தில் இருக்கும் குழந்தையிடம் "மூச்சை இழுத்து விடு" என்று சொல்வது இன்னொரு கட்டளையாகப் போய்விடும். நீங்கள் காதில் விழும்படி மெதுவாக மூச்சை விடுங்கள். குழந்தை தானாக அதைக் கேட்டுக்கொள்ளும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

நான்கு வயதுக்குள் என்றால் மடியும் ஹால் மூலையும். வேறு எதற்கும் செலவு செய்ய வேண்டாம். நான்கிலிருந்து எட்டு வயது வரை, ஒளிந்துகொள்ளும் குழந்தைக்கு மேஜைக்கு அடி. ஓடும் குழந்தைக்குத் தரை மெத்தையும் காலிச் சுவரும். இரண்டும் கலந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கு முதலில் தள்ளவும் குதிக்கவும் இடம் கொடுத்து, பிறகு அடியில் நுழைய இடம் கொடுத்தால் பலிக்கும். வரிசை மாறினால் பலிக்காது. பதின்வயதை நெருங்கும் பிள்ளைக்குக் கதவு உள்ள இடம் வேண்டும், அதை எப்படி வைப்பது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். ஒரே அறை உள்ள வீட்டில் கட்டிலின் ஒரு முனையில் ஒரு திரையும் கைப்பையும் போதுமானவை. தனி அறை இருப்பவர்களுக்கும் நான் முதலில் ஹாலில் ஓர் அரைமூடிய இடத்தைத்தான் பரிந்துரைப்பேன். அறையை அடுத்த கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், குழந்தை நன்றாக இருக்கும் நேரத்தில் அங்கே பழக்குங்கள். அங்கே உட்கார்ந்து கதை படியுங்கள். உங்களுக்கே அலுப்பாக இருக்கும் ஒரு மாலையில் "எனக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் போய் உட்காருங்கள். "அங்கே போ" என்ற வார்த்தை அந்த இடத்தைக் கெடுத்துவிடும். "வா, போகலாம்" என்று கூடப் போங்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழையக் கூடாது என்ற விதி உடன்பிறப்புகளுக்கு மட்டுமல்ல, விருந்தினருக்கும் பொருந்தும்.

ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றதா என்று அளக்காதீர்கள். மீண்டு வர எடுக்கும் நேரம் வாரங்களில் குறைகிறதா, உடைவதற்கு முன்பே தானாக அந்தப் பக்கம் நடக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதமாகியும் எட்டிப்பார்க்கவில்லை என்றால் பொருளை மாற்றாமல் இடத்தை மாற்றுங்கள்; சில நேரம் இரண்டடி தள்ளி, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்தாலே போதும்.

தன்னையே அடித்துக்கொள்வது, தலையை மோதுவது, முன்பு பேசிய சொற்களை இழப்பது, தூக்கமும் சாப்பாடும் குலைவது என்று ஏதாவது இருந்தால் மூலை அமைப்பதோடு நிற்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். காது, பல், வயிறு வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையும் இப்படித்தான் திணறும், அதை முதலில் விலக்கிவிட வேண்டும். பிறகு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போகும்போது, குழந்தை எந்த நேரத்தில், எந்தச் சத்தத்துக்குப் பிறகு, எங்கே போய் ஒளிந்தது என்று நீங்கள் குறித்துவைத்த தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.